ஏரித் தண்ணியை அளக்க ஒரு தகரத் தட்டு

தோட்டத்துப் பக்கத்தில் ஓர் ஏரியோ, பழைய ஈயக் குட்டையோ இருந்தால் பிள்ளைகள் குளிக்கப் போவதும் பெரியவர்கள் தூண்டில் போடுவதும் நடக்கத்தான் செய்கிறது. மீன் செத்து மிதந்த பிறகுதான் நாம் சத்தம் போடுகிறோம். "முன்னே தண்ணி எப்படி இருந்தது?" என்று அதிகாரி கேட்டால் நம்மிடம் பதில் கிடையாது. அந்தப் பதிலை நாமே எழுதி வைக்கலாம்.

1865-ல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், கடல் நீரின் தெளிவை அளக்க ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து ஏரிக்கரை ஜனங்கள் 1973 முதல் இதே தட்டைக் கொண்டு தாங்களே அளந்து வருகிறார்கள். சம்பளம் இல்லை, படிப்பும் கேட்பதில்லை.

20 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தகரத்தை வட்டமாக வெட்டுங்கள். நாலு பாகமாகப் பிரித்து வெள்ளை, கறுப்பு என்று மாற்றி மாற்றிச் சாயம் அடியுங்கள். அடியில் கனத்துக்கு ஒரு பெரிய போல்ட் கட்டுங்கள். நடுவில் ஓட்டை போட்டு, இழுத்தால் நீளாத கயிற்றைக் கோத்து, 10 சென்டிமீட்டருக்கு ஓர் அடையாளம் வையுங்கள். வேலை முடிந்து இரண்டு மணி வாக்கில் போனால் வெயில் சரியாக இருக்கும். பாலத்திலோ படகிலோ நின்று நிழல் விழும் பக்கமாக இறக்குங்கள். தட்டு மறையும்போது ஓர் அளவு, மெல்லத் தூக்கி மறுபடி தெரியும்போது ஓர் அளவு. இரண்டுக்கும் நடுவில் உள்ளதே அன்றைய கணக்கு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே இடத்தில் அளக்க வேண்டும். மழை பெய்ததா, உரம் போட்டார்களா, தண்ணி என்ன நிறம் என்பதையும் கூடவே எழுதுங்கள்.

மழைச் சேறு சில நாளில் அடங்கிவிடும். ஆனால் தண்ணி பச்சையாகி, அளவும் மாதாமாதம் குறைந்தால் விஷயம் வேறு. செம்பனைக்குப் போட்ட உரமும் லயத்துச் சாக்கடையும் ஏரிக்குள் போனால் பாசிக்கு அதுதான் சோறு. பகலில் பிராணவாயுவை விடும் பாசி, ராத்திரியில் தானே அதை இழுத்துக்கொள்கிறது. விடியற்காலையில் மீன் மூச்சுத் திணறிச் சாவது அதனால்தான். எவனோ விஷத்தைக் கொட்டிவிட்டான் என்று உடனே சண்டைக்குக் கிளம்புகிறோம். சில சமயம் உண்மையாகவும் இருக்கும், நோட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பச்சைச் சாயம் கொட்டினாற்போல் பாசி படர்ந்திருந்தால் குளிக்காதீர்கள், ஆடு மாட்டையும் விடாதீர்கள். சில பாசியின் நஞ்சு, தண்ணியைக் கொதிக்க வைத்தாலும் போகாது.

தட்டு நல்ல ஆழம்வரை தெரிகிறதே, குடிக்கலாமா என்று கேட்பீர்கள். கூடாது. எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சலின் கிருமி கண்ணாடி போன்ற தண்ணியிலும் இருக்கும். காலில் வெட்டுக்காயத்தோடு இறங்கவே கூடாது. காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் "ஏரியில் இறங்கினேன்" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரையோடு அனுப்பிவிடக்கூடும்.

செம்பனை ஆலைக் கழிவுநீருக்கு நம் நாட்டில் 1977-லேயே விதிமுறை வந்துவிட்டது. சந்தேகம் இருந்தால் நோட்டின் நகலைக் கிளைச் செயலாளரிடம் கொடுத்து, சுற்றுச்சூழல் இலாகாவுக்கு எழுதச் சொல்லுங்கள். தேதியோடு கூடிய ஆறு மாதக் கணக்கை வெறும் பேச்சென்று தள்ள முடியாது.

அளக்க ஒண்டியாகப் போகாதீர்கள், கயிற்றைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். ஈயக் குட்டையின் கரை திடீரென்று சரியும். இடி இடித்தால் அன்றைக்கு அளவே வேண்டாம். நோட்டில் "இடி" என்று எழுதிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.