ஒரு கிளாஸில் நாற்பது பனிக்காலம்

2015 நவம்பரில் விஸ்கி ரசிகர்களிடையே ஒரு சின்னக் கலகம் மூண்டது. பிரிட்டிஷ் விமர்சகர் ஜிம் மர்ரே தன் ‘விஸ்கி பைபிள்’ நூலின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் உலகின் முதலிடத்தை ஸ்காட்லாந்துக்கும் தரவில்லை, ஜப்பானுக்கும் தரவில்லை. கனடாவின் ‘கிரவுன் ராயல் நார்தர்ன் ஹார்வெஸ்ட் ரை’க்கு 100க்கு 97.5 மதிப்பெண் போட்டார். வயது அச்சிடாத, அப்போது சுமார் 30 டாலர் விலையிருந்த சரக்கு அது. செய்தி வந்த கையோடு பல கடைகளில் தீர்ந்துபோனது. ஸ்காட்ச் பிரியர்கள் முகம் சுளித்தார்கள்.

மர்ரேயின் தீர்ப்பு ஒரு தனிமனிதரின் நாக்கு சொன்னது. ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் விலையையும் லேபிளில் உள்ள எண்ணையும் பார்த்துக் கனடிய விஸ்கியை எடை போட முடியாது என்பதை அது ஊரறியச் சொல்லிவிட்டது. வயதுக்கு மதிப்பில்லை என்பதல்ல. அங்கே வயது வேலை செய்யும் விதமே வேறு.

கனடியச் சட்டப்படி விஸ்கி அந்நாட்டிலேயே வடிக்கப்பட்டு, 700 லிட்டருக்கு மேற்படாத மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஊற வேண்டும். பாட்டிலில் ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அமெரிக்க போர்பனில் தானியங்களை முதலிலேயே கலந்து நொதிக்கவைத்து வடிப்பார்கள். கனடாவில் பெரும்பாலும் ஒவ்வொரு தானியத்தையும் தனித்தனியாக வடித்து, தனித்தனியாக ஊறவைத்து, கடைசியில்தான் கலக்கிறார்கள். பெரும்பங்கு, மக்காச்சோளத்திலிருந்து 94, 95 சதவீத ஆல்கஹால் வரை வடித்தெடுத்த மென்மையான ‘பேஸ் விஸ்கி’. அதற்கு உயிர் கொடுப்பது, குறைந்த ஆல்கஹால் அளவுக்கே வடித்து, தானியத்தின் காரத்தை விட்டுவைத்த ‘ஃப்ளேவரிங் விஸ்கி’. இது பெரும்பாலும் ரை தானியத்தில் ஆனது. கிரவுன் ராயலின் வழக்கமான பாட்டிலில் சுமார் 50 விஸ்கிகள் சேர்கின்றன. கனேடியன் கிளப் பிராண்டோ வழக்கத்தை மாற்றி, முதலில் கலந்துவிட்டுப் பிறகு பீப்பாயில் இறக்கும்.

கலப்பில் பதினொன்றில் ஒரு பங்கு வரை வேறு மதுவையோ ஒயினையோ சேர்க்கவும் சட்டம் இடம் தருகிறது. தூய்மைவாதிகளுக்கு இது உறுத்தும். ஆனால் ஆல்பர்ட்டாவின் ‘டார்க் ஹார்ஸ்’ இந்தச் சலுகையைப் பயன்படுத்தி ரை விஸ்கியோடு கொஞ்சம் போர்பனும் துளி ஷெர்ரியும் சேர்த்து நல்ல பெயர் வாங்கியது. கலப்பவரின் கைதான் கணக்கு.

வயது வேறு விதமாக வேலை செய்வதை முதிர்ந்த சரக்கில் பார்க்கலாம். 1977இல் வடித்த மக்காச்சோள விஸ்கியை 40 ஆண்டு காத்து, 2017இல் கனடாவின் 150ஆம் ஆண்டையொட்டி கனேடியன் கிளப் பாட்டிலில் அடைத்தது. புதிய ஓக் பீப்பாயில் அத்தனை காலம் கிடந்திருந்தால் மரத்தின் துவர்ப்பு ஏறி வாயில் வைக்க முடியாமல் போயிருக்கும். பேஸ் விஸ்கி பெரும்பாலும் ஏற்கெனவே பயன்படுத்திய பீப்பாய்களில் ஊறுகிறது. அவற்றின் முரட்டுத் துவர்ப்பை முந்தைய சரக்கு உறிஞ்சிக்கொண்டிருக்கும். கனடாவின் நீண்ட குளிர்காலமும் மரத்துக்கும் மதுவுக்கும் நடக்கும் கொடுக்கல் வாங்கலை மந்தமாக்குகிறது. அதனால் நாற்பது ஆண்டு கழித்தும் தானியத்தின் இனிப்பு மேலே நிற்க, மரம் அடக்கமாகப் பின்னால் நிற்க முடிகிறது. அதே வயது ஸ்காட்ச் பல ஆயிரம் டாலர் கேட்கும். இதற்குச் சில நூறு போதுமாக இருந்தது.

இனி கிளாஸ். அடி அகன்று வாய் குறுகிய ‘கிளென்கேர்ன்’ வகை நல்லது. 15 மில்லி போதும். நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்: கேரமல் சேர்க்க அனுமதி உண்டு, ஆகவே அடர்ந்த நிறம் வயதுக்குச் சான்றல்ல. மூக்கை கிளாஸுக்குள் நுழைக்காமல் விளிம்புக்குச் சற்று மேலே வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி முகர்ந்தால் ஆல்கஹால் எரிச்சல் குறையும். வெனிலாவும் தேங்காய் வாடையும் ஓக் மரம் தந்தவை. கிராம்பும் மிளகும் தெரிந்தால் ரை பேசுகிறது என்று பொருள். பழைய கலவையில் உலர்ந்த பேரீச்சம்பழம், தோல், புகையிலை என்று அடுக்கடுக்காக வரலாம். நகப்பூச்சு வாடை வந்தாலோ, நனைந்த அட்டை வாடை வந்தாலோ மதிப்பெண்ணைக் குறைக்கத் தயங்க வேண்டாம்.

பிறகு சில சொட்டுத் தண்ணீர். இது வெறும் சம்பிரதாயமல்ல. 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார்ல்சனும் ஃப்ரீட்மனும், நீர்த்த நிலையில் குவாயகால் என்ற மணப்பொருள் திரவத்தின் மேற்பரப்பை நாடுவதைக் கணினி மாதிரியில் காட்டினார்கள். மூக்குக்கு எட்டும் இடமும் அதுதான். ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் படரவிட்டு, விழுங்கிய பின்னோ துப்பிய பின்னோ சுவை எவ்வளவு நேரம் தங்குகிறது என்று கவனிக்க வேண்டும். மலிவான கலவையில் முதலில் இனிப்பு, உடனே வெறுமை. நல்ல கலவையில் இனிப்பு வடிந்த பிறகும் ரையின் காரம் நின்று பேசும். முதிர்ந்த கனடிய விஸ்கிக்கு இந்தக் கடைசிக் கட்டம்தான் உண்மையான தேர்வு.

இத்தனையையும் கெடுக்கக்கூடியது கதை. 1939இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரும் அவர் துணைவி எலிசபெத் ராணியும் கனடா வந்தபோது சீகிராம் நிறுவனத்தின் சாமுவேல் பிரான்ஃப்மன் உருவாக்கியது கிரவுன் ராயல். அதன் பாட்டிலோடு வரும் ஊதாப் பை அந்த ராஜ தோரணையின் மிச்சம். சீகிராமின் ஒன்டாரியோ வாட்டர்லூ ஆலை 1992இல் மூடப்பட்டு மறு ஆண்டே தீக்கிரையானது. அங்கே வடித்து எஞ்சியிருந்த சரக்கும் சேர்ந்ததுதான் முதலில் வந்த ‘கிரவுன் ராயல் எக்ஸ்ஆர்’. எரிந்த ஆலையின் கடைசிச் சொட்டு என்று கேட்டதும் எந்த நாக்கும் இளகிவிடும். கனடிய விஸ்கி விருதுகளில் நடுவர்களுக்குப் பெயர் சொல்லாமலே ஊற்றுவது அதற்காகத்தான். வீட்டிலும் யாரையாவது ஊற்றித் தரச் சொல்லி, 30 டாலர் பாட்டிலையும் 300 டாலர் பாட்டிலையும் பெயர் தெரியாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒன்றாகவே பட்டால் 270 டாலர் மிச்சம்.

அவசரப்பட்டுக் காலி செய்யத் தேவையில்லை. கனடாவின் போதைப்பொருள் பயன்பாடு குறித்த தேசிய மையம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, வாரத்துக்கு இரண்டு பானங்கள் வரைதான் ஆபத்து குறைவு; விஸ்கியில் ஒரு பானம் என்பது 43 மில்லி. அந்தக் கணக்கில் 750 மில்லி பாட்டில் ஒருவருக்கு எட்டு வாரத்துக்கு மேல் வரும்.