மலை ஜீப்புக்கு எந்த லைட் மாட்டலாம்? பெரிய லைட் போட்டால் பாதையே மறையும்!

போடி:

அதிகாலை 4 மணி. சூரியநெல்லியில் ஜீப்புகள் வரிசை கட்டி நிற்கும். கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்க்க வந்த சுற்றுலா பயணிகள் குல்லாவும் சால்வையுமாக ஏறி உட்காருவார்கள்.

கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டத்தில். ஆனால் ஜீப் போக வழி கேரளாவின் சூரியநெல்லியில் இருந்துதான். உயரம் சுமார் 7,900 அடி. மேலே போகப்போக தார் ரோடு கிடையாது. கல்லும் குழியும்தான். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். அந்த இருட்டில் டிரைவருக்கு துணை வண்டியின் லைட் மட்டுமே.

அதனால் ஜீப் ஓட்டுகிறவர்கள் கையில் நாலு காசு சேர்ந்ததும் லைட் கடைக்குத்தான் போகிறார்கள். "அண்ணே, நல்லா பளிச்சுன்னு ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார்? இருப்பதிலேயே நீளமான எல்.இ.டி. பாரை எடுத்து வைப்பார். அதை வண்டியின் கூரைமேல் மாட்டிக்கொண்டு மலையேறினால் பனிமூட்டம் வரும்வரை ஜோராக இருக்கும். பனி இறங்கியதும் கண்ணுக்கு எதிரே வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டிய மாதிரி ஆகிவிடும். பாதையும் தெரியாது, பள்ளமும் தெரியாது.

வெள்ளைச் சுவர் எப்படி வருகிறது?

பனிமூட்டம் என்பது காற்றில் மிதக்கும் பொடிப்பொடி தண்ணீர் துளிகள். லைட் வெளிச்சம் அதன்மேல் பட்டால் நாலாபக்கமும் சிதறும். ஒரு பங்கு திரும்பி டிரைவர் கண்ணுக்கே வரும். லைட் கண்ணுக்கு பக்கத்தில், அதாவது கூரையில் இருந்தால் திரும்பி வரும் வெளிச்சம் அதிகம். போதாக்குறைக்கு பானெட்டின் பெயிண்டும் பளபளவென்று அடித்து கண்ணை கூசவைக்கும்.

வீட்டில் இருக்கும் டார்ச் லைட்டை வைத்தே இதை சோதிக்கலாம். பனி நாளில் டார்ச்சை நெற்றிக்கு நேராக பிடித்துப் பாருங்கள். எதிரே வெள்ளையாகத்தான் தெரியும். அதே டார்ச்சை முழங்காலுக்கு கீழே பிடித்து தரையோடு தரையாக அடியுங்கள். கல், குழி எல்லாம் தெரியும்.

பாக் லைட்டை பம்பருக்கு கீழே மாட்டச் சொல்வது இதனால்தான். அதன் வெளிச்சம் பக்கவாட்டில் அகலமாகவும், மேல்பக்கம் கத்தியால் வெட்டிய மாதிரியும் இருக்க வேண்டும். மேலே கசியும் லைட் விலை எவ்வளவு இருந்தாலும் பனிக்கு உதவாது. கோடைக்காலத்தில் முன்னால் போகும் ஜீப் கிளப்பிவிடும் புழுதியிலும் இதே கதைதான்.

மஞ்சளா, வெள்ளையா?

டீக்கடையில் ரொம்ப நேரம் ஓடும் சண்டை இது. மஞ்சள் வெளிச்சம் பனியை துளைத்துக்கொண்டு போகும் என்பது பலர் நம்பிக்கை. பனித்துளி அளவுக்கு பெரிய துளிகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். ஆகவே மஞ்சளுக்கு துளைக்கும் சக்தி எதுவும் தனியாக இல்லை.

ஆனால் மஞ்சள் கண்ணை கூசவைப்பது குறைவு. நீலம் கலந்த வெள்ளையை நேரம் போகப்போக கண் தாங்காது. பிரான்ஸ் நாட்டில் 1930-களில் இருந்து 1993 வரை கார் ஹெட்லைட்டே மஞ்சளாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. பனிக்கு வாங்குகிறவர்கள் பெட்டியில் 3000 கெல்வின் என்று போட்ட மஞ்சளை வாங்கலாம். 6000-க்கு மேலே போட்டிருக்கும் நீல வெள்ளையை தொடவே வேண்டாம்.

வேகத்தை பார்த்து வாங்கணும்

கொழுக்குமலை மாதிரி பாதையில் ஜீப்பின் வேகம் மணிக்கு 10, 15 கிலோ மீட்டர்தான். 15 கிலோ மீட்டர் வேகம் என்றால் ஒரு வினாடிக்கு 4 மீட்டர். அந்த வேகத்தில் அரை கிலோ மீட்டர் தூரம் அடிக்கும் ஸ்பாட் லைட் எதற்கு? முன்னால் 20, 30 மீட்டரும், இரண்டு ஓரமும் தெரிந்தால் போதும்.

வளைவில் இது இன்னும் முக்கியம். வண்டி வலதுபக்கம் ஒடியும்போது ஹெட்லைட் நேரே பள்ளத்தின் மேல் ஆகாயத்தைத்தான் காட்டும். டயர் போகப்போகிற இடம் இருட்டு. அகலமாக விரியும் லைட் தாழ்வாக இருந்தால்தான் அந்த இடம் தெரியும்.

தார் ரோட்டில் கணக்கு வேறு. 80 கிலோ மீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடியில் 22 மீட்டர் ஓடிவிடும். டிரைவர் சுதாரித்து பிரேக் அடித்து வண்டி நிற்பதற்குள் 70 மீட்டர் போய்விடும். அங்கே தூரம் அடிக்கும் லைட்டுக்கு வேலை உண்டு. ஆனால் இரண்டு மடங்கு தூரம் தெரிய இரண்டு மடங்கு வெளிச்சம் போதாது, 4 மடங்கு வேண்டும். அதனால்தான் நீண்ட தூர லைட்டுகள் ஒல்லியான கற்றையாக அடிக்கின்றன.

இன்னொன்று, பானெட்டுக்கு முன்னால் 5 மீட்டரில் பகல் மாதிரி வெளிச்சம் அடித்தால் கண்மணி சுருங்கிவிடும். அப்புறம் தூரத்து இருட்டு தெரியாது. லைட் போட்டும் குருடான கதை!

முதலில் பழைய லைட்டை கவனிங்க

புது லைட் வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பெரும்பாலானவர்கள் இதை செய்வதில்லை.

பழைய ஜீப்புகளில் ஹெட்லைட் கரண்ட் முழுவதும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போய் வரும். ஒயர் மெலிசு, வயது வேறு ஆகியிருக்கும். பேட்டரியில் இருக்கும் வோல்டேஜ் பல்புக்கு வந்து சேராது. ஹாலஜன் பல்புக்கு 10 சதவீதம் வோல்டேஜ் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும்.

ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் சொன்னால் மீட்டரை வைத்து இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடுவார். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஒரு தடவை, லைட் எரியும்போது பல்பு ஹோல்டரில் ஒரு தடவை. அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிலே போட வேண்டும். பேட்டரியில் இருந்து பியூஸ் வழியாக நேரே ரிலேவுக்கு ஒயர், அங்கிருந்து பல்புக்கு ஒயர். பழைய சுவிட்ச் ரிலேவை தட்டிவிடும் வேலையை மட்டும் பார்க்கும். செலவு சில நூறு ரூபாய்தான். இதை முடித்த பிறகு கூடுதல் லைட்டே வேண்டாம் என்று திரும்புகிறவர்களும் உண்டு.

இதை விட்டுவிட்டு 60/55 வாட் பல்பை கழற்றி 100/90 வாட் பல்பை சொருகினால் ஹோல்டர் உருகும், ரிப்ளெக்டர் கருகும். ஹாலஜனுக்கு செய்த ரிப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பை திணிப்பதும் தப்பு. வெளிச்சம் புறப்படும் இடம் மாறுவதால் கண்டபடி சிதறி எதிரே வருகிறவர் கண்ணில் குத்தும்.

பெட்டியில் போட்டதை நம்பாதீங்க

கடைகளில் 300 வாட் என்று அச்சடித்த சின்ன எல்.இ.டி. லைட்டுகள் மலிவாக கிடைக்கின்றன. 12 வோல்ட்டில் 300 வாட் என்றால் 25 ஆம்பியர் இழுக்க வேண்டும். கடையிலேயே பேட்டரியில் கொடுத்து மீட்டரில் பாருங்கள். 5, 6 ஆம்பியர்தான் காட்டுகிறது என்றால் அது 60, 70 வாட் லைட்.

எல்.இ.டி.யை குறை சொல்ல முடியாது. கரண்ட் குறைவு, குலுக்கலுக்கு தாங்கும். பழைய ஜீப்பின் சின்ன ஆல்டர்னேட்டருக்கு அதுதான் பொருத்தம். ஆனால் பின்பக்கம் கனமான அலுமினிய விலா எலும்புகள் இருக்க வேண்டும். சூடு வெளியேறாவிட்டால் சீக்கிரமே மங்கிவிடும். ஐ.பி. 67 என்று போட்டிருந்தால் தூசி நுழையாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்று அர்த்தம்.

ஹாலஜன் வாங்கினால் 55 வாட் 2 லைட்டுக்கு 9 ஆம்பியர் ஆகும். 2.5 சதுர மி.மீ. ஒயர், 15 ஆம்பியர் பியூஸ் போடலாம். பியூஸ் பேட்டரிக்கு பக்கத்திலேயே இருக்கணும். பியூஸ் அடிக்கடி போகிறதென்று அங்கே கம்பியை சுற்றிவிட்டு ஓட்டினால் ஒயர் எரிந்து வண்டியே போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111-வது விதிப்படி, பதிவு அதிகாரியின் விசேஷ அனுமதி இல்லாமல் வண்டியின் முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் மாட்டக்கூடாது. 106-வது விதிப்படி 8 மீட்டர் தள்ளி, லைட்டுக்கு வலதுபக்கம் அரை மீட்டரில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக்கூடாது. எதிரே வரும் டிரைவரின் கண் இருக்கும் இடம் அது.

2019-ல் திருத்திய மோட்டார் வாகன சட்டத்தில், அனுமதி இல்லாமல் வண்டியில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5 ஆயிரம் ரூபாய் அபராதம், 6 மாதம் வரை ஜெயில் என்று இருக்கிறது.

அபராதத்தை விடுங்கள். போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். விடிந்தும் விடியாத நேரத்தில் ஏலத்தோட்ட வேலைக்கு பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஏறுகிற ரோடு அது. கீழே இறங்கும் வண்டி கூரை லைட்டை எரியவிட்டால் மேலே ஏறுகிற டிரைவருக்கு சில வினாடி கண் இருட்டிவிடும். அந்த ஜீப்பில் இருப்பவர்கள் அன்றாட கூலிக்கு போகிறவர்கள். லைட் பார் இருந்தால் தார் ரோட்டில் ஏறும் முன் அணைத்து, உறை போட்டு மூடிவிட வேண்டும்.

யானை நின்றாலும் அப்படித்தான். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடிபட்டு, மே மாதம் கம்பம் ஊருக்குள்ளேயே வந்து நின்ற அரிக்கொம்பனை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. சின்னக்கானல், சூரியநெல்லி பகுதி யானைகள் நடமாடும் இடம். யானை முகத்தில் பெரிய லைட்டை அடித்தால் மிரண்டு வண்டியை நோக்கி வரலாம். லைட்டை டிம் செய்து, தூரத்திலேயே நின்றுவிடுவது நல்லது.

ஆளை ஏற்றிவிட்டு அட்ஜஸ்ட் பண்ணுங்க

மாட்டிய பிறகு அளவு பார்க்காமல் ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். சமதளத்தில் சுவருக்கு எதிரே 25 அடி தள்ளி வண்டியை நிறுத்துங்கள். பாக் லைட்டின் நடு மையம் தரையில் இருந்து எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் டேப் ஒட்டுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு டேப்புக்கு 4 அங்குலம் கீழே விழ வேண்டும்.

காலி வண்டியில் இதை செய்தால் பிரயோஜனம் இல்லை. பின்னால் 6 பேர் ஏறியதும் ஜீப்பின் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு தூக்கும். லைட்டும் கூடவே தூக்கும். எப்போதும் ஏறுகிற எடைக்கு ஆட்களையோ, மூட்டைகளையோ ஏற்றிவைத்துக்கொண்டு போல்ட்டை இறுக்க வேண்டும். கல் பாதையில் 4 டிரிப் அடித்தால் அந்த போல்ட் தளர்ந்துவிடும் என்பதால், வாரம் ஒருமுறை ஸ்பேனரை எடுத்து ஒரு சுற்று பார்த்துவிடலாம்.