பறந்து வந்த கதையை எழுதி வையுங்கள்!

மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போய்த் திரும்பிய ஒரு அம்மா, சில வருஷங்களுக்கு முன்பு என்னிடம் வந்தார். வயது 62.

"நேத்துலேருந்து இடது கெண்டைக்கால்ல வலி, டாக்டர். வாதமாத்தான் இருக்கும். நல்ல தைலமா ஒண்ணு கொடுங்க, அழுத்தித் தேய்ச்சுக்கறேன்" என்றார்.

"ஊர்லேருந்து வந்து எத்தனை நாளாச்சும்மா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?"

கூட வந்த கணவர், சட்டைப் பையிலிருந்து சின்ன டைரி ஒன்றை எடுத்தார். செலவுக் கணக்கோடு பயணக் கணக்கையும் எழுதுகிற பழக்கமாம். வாசித்தார்: "நியூயார்க் - லண்டன் 7 மணி நேரம். லண்டன் - சென்னை 10 மணி நேரம். இவளுக்கு ஜன்னலோர சீட். ஒரே தடவைதான் எழுந்தாள். இறங்கியதும் ரெண்டு காலும் வீக்கம். மூன்றாம் நாள் வலது கால் வடிந்தது. இடது கால் வடியவில்லை."

தைல பாட்டிலை எடுக்கப்போன என் கை நின்றுவிட்டது. நாடாவால் அளந்து பார்த்தேன். இடது கெண்டைக்கால் 3 செ.மீ. பெருத்திருந்தது. "தேய்க்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அனுப்பினேன். ஸ்கேனில், ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து. டைரி இல்லாவிட்டால், நானும் தைலம் கொடுத்திருப்பேனோ என்னவோ!

விமானத்தில் அப்படி என்ன நடக்கிறது?

உள்ளே இருக்கிற காற்றழுத்தம், 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பது போன்றது. ஏறக்குறைய ஊட்டியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி! காற்றும் வறண்டது. நடக்கும்போது கெண்டைச்சதை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளும். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் ரத்தம் காலிலேயே தேங்கும்.

'பாத்ரூம் போகணுமே' என்று நம் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. அடக்கக் கூடாத 14 வேகங்களைச் சித்த மருத்துவம் சொல்கிறது. தாகமும் சிறுநீரும் அதில் சேர்த்தி.

சரி, என்ன எழுத வேண்டும்?

* தேதி, எங்கிருந்து எங்கே, உட்கார்ந்திருந்த மொத்த நேரம், எத்தனை தடவை எழுந்து நடந்தீர்கள்.

* குடித்த தண்ணீர், தூக்கம், மலம், சிறுநீர், காது வலி.

* மாத்திரை, இன்சுலின் நேரம். 'காலை மாத்திரை' என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த ஊர்க் காலை? நியூயார்க் நேரம் நம்மைவிடக் குளிர்காலத்தில் பத்தரை மணியும், கோடையில் ஒன்பதரை மணியும் பின்தங்கியிருக்கும். ஆகவே, இந்திய நேரம், அந்த ஊர் நேரம் இரண்டையும் எழுதுங்கள். இன்சுலின் போடுபவர்கள் புறப்படும் முன்பே டாக்டரிடம் நேர அட்டவணை வாங்கி, அதே நோட்டில் ஒட்டிவிடுங்கள். மருந்து கைப்பையில் இருக்கட்டும்.

* ஊர் திரும்பியதும் நோட்டை மூடி வைக்காதீர்கள். குறைந்தது நாலு வாரம் காலைக் கவனித்து எழுதுங்கள். ஒரு கால் மட்டும் வீங்குவது, வலிப்பது, சூடாக இருப்பது ஆபத்தான அறிகுறி. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் கஷாயம் தேடாதீர்கள். நேரே ஆஸ்பத்திரிதான்!

நாடி பிடித்துப் பார்க்கிற வைத்தியனுக்கும் நோயாளி சொல்கிற விவரம் வேண்டும். ஞாபகம் ஏமாற்றும், எழுத்து ஏமாற்றாது.

அந்த அம்மா குணமாகி, டாக்டர் அனுமதியோடு மறுபடியும் பேரனைப் பார்க்கப் போய் வந்தார். இந்தத் தடவை டைரி அவர் கையெழுத்தில் இருந்தது: 'ஓர சீட். ஏழு தடவை நடந்தேன். கால் வீக்கம் இல்லை. காபி சுமார்தான்!'