இரு திருமலைகளும் ஒரு சொல்லும்

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பர். வீடு, நிலம் என்னும் மற்றச் செல்வங்களை எல்லாம் இழந்து வந்தவர்களுக்கு இந்தச் செல்வமாவது கிடைக்க வேண்டாமா?

ஆரணியின் பட்டுத்தறிகளை அடுத்து வாழும் எங்களுக்குத் திருமலை என்றால், நேமிநாதர் சிலை ஓங்கி நிற்கும் சமணக் குன்றுதான். ஆனால் கடலுக்கு அப்பாலும் ஒரு திருமலை உண்டு. இலங்கைத் தமிழர் தம் திருகோணமலையை அவ்வாறே அன்புடன் அழைப்பர். 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின், அந்தத் திருமலையிலிருந்தும் மன்னார், வவுனியா, யாழ்ப்பாணம் முதலிய இடங்களிலிருந்தும் பல்லாயிரவர் தமிழகத்தில் தஞ்சம் புகுந்தனர்.

படகில் வந்தவர்களில் பலர் முதலில் தங்கிய இடம் மண்டபம் முகாம். ஆங்கிலேயர் காலத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் தொழிலாளரை, காலரா, பிளேக் நோய்களுக்கு அஞ்சிச் சில நாள் தடுத்து வைத்துச் சோதித்த இடமும் அதுவே. அன்று கருதப்பட்டது, அவர்களால் பிறருக்கு நோய் வரக்கூடாது என்பது. இன்று கருத வேண்டுவதோ, அவர்களே நலமாய் இருக்க வேண்டும் என்பது.

2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, தமிழகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்ந்தனர். எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்திலும் முகாம்கள் உண்டு. அரசு மருத்துவமனையில் அவர்களுக்கு இலவசச் சிகிச்சை கிடைக்கிறது. அப்படியானால் குறை ஏது என்று தோழியர் கேட்கலாம்.

ஒரு சிறு சொல்லைப் பாருங்கள். இலங்கைத் தமிழில் "வருத்தம்" என்றால் நோய். "சத்தி" என்றால் வாந்தி. "பிள்ளைக்கு வருத்தம்" என்று தாய் சொன்னால், பிள்ளை ஏதோ மனக்கவலையில் இருப்பதாக நாம் எண்ணுவோம். ஒரே மொழி பேசுவோரிடையிலேயே இத்தனை இடைவெளி! மேலும், நெருக்கமான சிறு குடிசையும், போதாத கழிப்பறையும், உற்றாரை இழந்த துயரும் தரும் நோய்களை மருந்துச்சீட்டு மட்டும் போக்கிவிடாது.

இந்த இடைவெளியை நிரப்ப முன்வந்தவர்கள் ஏதிலியரே. திரு. எஸ்.சி. சந்திரகாசன் அவர்கள் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்வாசிகளையே நலப்பணியாளராகப் பயிற்றியது. குழந்தையின் எடை குறைந்தால் அயலில் வாழும் பெண்ணுக்குத்தான் முதலில் தெரியும். கருவுற்ற தாய் ஆரம்ப சுகாதார நிலையம் செல்லத் தயங்கினால், கூடச் செல்பவளும் அவளே. மருத்துவம் அரசினுடையது, நம்பிக்கை முகாம் மக்களுடையது. பாவும் ஊடையும் சேர்ந்தால்தானே சேலை!

2021-இல் தமிழக அரசு, முகாம்களுக்கு "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" எனப் பெயர் மாற்றி, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தது. காற்றும் வெளிச்சமும் உள்ள வீடும் ஒரு மருந்தே அன்றோ!

உதவி பெறுவோர் என்று நாம் எண்ணியவர்கள் உதவி செய்யவும் அறிவார்கள். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியபோது, அந்தக் கழகத்தின் தொண்டர்கள் நம் மக்களுக்கு ஆறுதல் கூறச் சென்றனர். இழப்பின் வலியை அவர்களைவிட அறிந்தவர் யார்?

எனவே தோழியரே, நம் வகுப்பில் முகாமிலிருந்து வரும் மாணவி ஒருத்தி "எனக்கு வருத்தம்" என்று சொன்னால், அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம். பின், அருகில் அமர்ந்து அவள் மனத்தையும் கேட்போம். இரண்டு பொருளிலும் அந்தச் சொல் உண்மையாய் இருக்கக்கூடும்.