ஏவிய பிறகும் காது கொடுக்கும் ஏவுகணை

2007 ஏப்ரல் 28 இரவு கொழும்பில் பாதிப் பேர் தூங்கவில்லை. பார்படோஸில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான உலகக் கிண்ண இறுதியாட்டம் நடந்துகொண்டிருந்தது. நள்ளிரவு தாண்டியதும் நகரம் முழுவதும் மின்சாரம் நின்றது. கொலன்னாவை எண்ணெய்க் குதங்களை நோக்கிப் புலிகளின் சிறிய விமானங்கள் வந்திருந்தன. இருண்ட வானத்தில் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் கிழித்த சிவப்புக் கோடுகளை நுகேகொடை மொட்டைமாடிகளில் நின்று பார்த்தவர்கள் இன்றும் அந்த இரவைச் சொல்வார்கள்.

அடுத்த ஆண்டு இலங்கை விமானப்படை சீனாவிடமிருந்து எஃப்-7 இடைமறிப்பு விமானங்களைப் பெற்றது. அவற்றில் பொருத்தப்பட்டது பிஎல்-5 என்ற வெப்பம் தேடும் ஏவுகணை. எதிரி விமானத்தின் சூடு தன் மூக்கிலுள்ள உணரிக்குத் தெரிந்தால்தான் அது வேலை செய்யும். புறப்பட்டுவிட்டால் தாய் விமானத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. சில கிலோமீற்றர் தூரத்துக்குள் நடக்கும் சண்டைக்கு அது போதும்.

நம் கண்ணுக்கு எட்டாத 60, 80 கிலோமீற்றர் தூரத்திலுள்ள விமானத்தை அடிக்க வேண்டுமென்றால் கதை மாறிவிடுகிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் என்ற சராசரி வேகத்தில் போகும் ஏவுகணைக்கு 60 கிலோமீற்றரைக் கடக்க ஒரு நிமிடம் பிடிக்கும். எதிரி விமானமோ செக்கனுக்கு 300 மீற்றர் வேகத்தில் பறக்கிறது. ஏவுகணை கிளம்பிய மறுகணமே அது பக்கவாட்டில் திரும்பினால், ஒரு நிமிடத்தில் 18 கிலோமீற்றர் தள்ளிப் போய்விடும். புறப்படும்போது சொல்லிவிட்ட இடத்தை ஏவுகணை அடையும்போது அங்கே வெறும் காற்றுதான் இருக்கும்.

ஏவுகணையின் மூக்கிலேயே ராடார் இருக்கிறதே, அது தேடிக்கொள்ளாதா என்று கேட்கலாம். இந்தியா தயாரித்த அஸ்திராவை எடுத்துக்கொள்வோம். எடை 154 கிலோ, உடலின் விட்டம் 178 மில்லிமீற்றர், முதல் வகையின் எட்டுந்தூரம் ஏறக்குறைய 110 கிலோமீற்றர். ஒரு சாண் அகலமும் இல்லாத அந்த மூக்குக்குள் எவ்வளவு பெரிய அன்ரெனாவை வைக்க முடியும்? அதன் பார்வை பத்து இருபது கிலோமீற்றரைத் தாண்டுவது கடினம். அதுவும் முன்னால் உள்ள ஒரு குறுகிய கூம்புக்குள் மட்டும்தான். அந்தக் கூம்புக்குள் இலக்கு வந்து விழும் இடம்வரை ஏவுகணையைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்தப் பொறுப்பு தாய் விமானத்துக்கும் ஏவுகணைக்கும் இடையிலான தரவு இணைப்புக்கு உரியது.

விமானத்தின் இறக்கைக்குக் கீழே தொங்கும்போதே ஒரு கம்பி இணைப்பின் வழியாக ஏவுகணைக்கு முதல் பாடம் சொல்லப்படுகிறது: நீ இப்போது இங்கே இருக்கிறாய், இந்த வேகத்தில் போகிறாய், இலக்கு அங்கே இருக்கிறது. ஏவியதும் கம்பி அறுகிறது. உள்ளே இருக்கும் சுழல்காட்டிகளும் முடுக்கமானிகளும் அது எங்கே போகிறது என்பதை ஏவுகணைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இலக்கு எங்கே போகிறது என்பதை மட்டும் அவற்றால் சொல்ல முடியாது. தாய் விமானத்தின் பெரிய ராடார் எதிரியை விடாமல் பின்தொடர்ந்து, அவனுடைய புதிய இடத்தையும் வேகத்தையும் சிறு சிறு சங்கேதத் துடிப்புகளாக அனுப்புகிறது. அவற்றை வாங்கும் அன்ரெனா ஏவுகணையின் வால்பக்கத்தில், பின்னோக்கி இருக்கிறது. இது நல்ல ஏற்பாடு. முன்னால் இருக்கும் எதிரி எவ்வளவு இரைச்சலைக் கொட்டினாலும், பின்னால் பார்த்துக்கொண்டிருக்கும் காதைக் குழப்புவது எளிதல்ல. ஒவ்வொரு செய்தி வந்ததும் ஏவுகணை தன் பாதையைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறது. கடைசியில் தன் சொந்த ராடாரை எழுப்பி, மீதித் தூரத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது.

இதனால் விமானிக்குக் கிடைப்பது உயிர். வியட்நாம் போரில் அமெரிக்கர்கள் பயன்படுத்திய ஸ்பாரோ ஏவுகணைக்குச் சொந்த ராடார் கிடையாது. அது போய் மோதும்வரை விமானி தன் ராடாரை எதிரிமேல் பிடித்துக்கொண்டு, எதிரியை நோக்கியே பறக்க வேண்டியிருந்தது. அப்படிப் பறந்தும் பத்தில் ஒன்றுதான் இலக்கைத் தொட்டது. 1991இல் சேவைக்கு வந்த ஆம்ராம் ஏவுகணை இந்தக் கட்டை அவிழ்த்தது. இப்போது விமானி ஏவியதும் ஒருபக்கமாகத் திரும்பி, எதிரியைத் தன் ராடாரின் ஓரத்தில் மட்டும் வைத்துக்கொண்டு செய்திகளை அனுப்பலாம். ஏவுகணையின் ராடார் விழித்துவிட்டால் முழுக்கத் திரும்பி ஓடிவிடலாம். அவசரப்பட்டு முன்னதாகவே திரும்பினால் செய்தி நின்றுவிடும், ஏவுகணை கடைசியாகக் கேட்ட தகவலை வைத்து ஊகித்துக்கொண்டு போகும். எப்போது கைவிடுவது என்ற அந்தச் சில செக்கன்களில்தான் இன்றைய வான்சண்டையின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் முடிவாகின்றன.

ஐரோப்பாவின் மீட்டியோர் ஏவுகணை இன்னும் ஒரு படி மேலே போனது. கிரிப்பன் விமானத்திலிருந்து ஏவினால் அது திரும்பிப் பேசவும் செய்கிறது. ஏவுகணையின் நிலை என்ன, இலக்கைப் பிடித்துவிட்டதா என்பதை விமானி அறிந்துகொள்ளலாம்.

அஸ்திரா இந்த இடத்துக்கு வர நெடுங்காலம் பிடித்தது. ஒடிசாவின் சண்டிப்பூரில் 2003இல் முதல் தரைச் சோதனை, 2014இல் சுகோய்-30 விமானத்திலிருந்து முதல் ஏவுதல், 2022 மே மாதம் 2,971 கோடி இந்திய ரூபாய்க்குக் கொள்முதல் ஒப்பந்தம். 2023 ஓகஸ்டில் கோவா கடலுக்கு மேலே தேஜஸ் விமானமும் அதை ஏவிப் பார்த்தது. தேஜஸ் படைப்பிரிவுகள் கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் சூலூரில் நிறுத்தப்பட்டன. சுகோய்-30 படைப்பிரிவு ஒன்று 2020 முதல் தஞ்சாவூரில் இருக்கிறது. அங்கிருந்து பலாலி நேர்கோட்டில் ஏறக்குறைய 150 கிலோமீற்றர்தான். இந்தத் தொழில்நுட்பம் நமக்கு எங்கோ தூரத்து விஷயமல்ல.

இத்தனை நுட்பத்திலும் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. இணைப்பு அனுப்புவது இலக்கின் இடத்தையும் வேகத்தையும் மட்டுமே. அங்கே பறப்பவர் யார் என்பதை அது சொல்வதில்லை. 2019 பெப்ரவரி 27 அன்று இந்திய, பாகிஸ்தான் விமானங்கள் காஷ்மீர் எல்லையில் மோதின. பாகிஸ்தான் ஏவிய ஆம்ராமின் துண்டை மறுநாள் இந்திய அதிகாரிகள் செய்தியாளர்களுக்குக் காட்டினார்கள். அதே காலையில் ஸ்ரீநகருக்கு அருகே பட்காமில் இந்திய விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகொப்டர் ஒன்று வீழ்ந்தது. அதை அடித்தது இந்தியாவின் சொந்த ஸ்பைடர் அமைப்பு. போர்விமானங்களுக்கென்று செய்யப்பட்ட ஏவுகணைகளையே தரையிலிருந்து ஏவும் இஸ்ரேலிய அமைப்பு அது. ஏவுகணையில் குறையில்லை, சொன்ன இடத்துக்குச் சரியாகப் போனது. விமானப்படையினர் ஆறு பேரும் கீழே நின்ற பொதுமகன் ஒருவரும் இறந்தார்கள். அது பெரிய தவறு என்று அந்த ஒக்டோபரில் விமானப்படைத் தளபதி பதௌரியா பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்.

ஏவுகணைகளைப் பற்றி நம் பத்திரிகைகளில் வரும் செய்திகள் தூரத்தோடு நின்றுவிடுகின்றன. 110, 145, 200 என்று எண்கள் மட்டும் ஏறிக்கொண்டே போகின்றன. அடுத்த முறை அப்படியொரு செய்தியைப் படிக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். கடைசிவரை அதற்குச் செய்தி அனுப்புவது யார்? ஏவுவதற்கு முன், எதிரே பறப்பது யார் என்று எப்படி உறுதி செய்தார்கள்? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத எந்த அரசும், நம்முடையது உட்பட, அந்த எண்ணைக் காட்டிப் பெருமைப்பட உரிமையற்றது.