சூத்திரத்துக்குப் பின்னுள்ள நிபந்தனைகள்: கணிதம், புள்ளியியல் பட்டப்படிப்பின் உயர்பாடங்கள்

பட்டப்படிப்பின் தொடக்கத்தில் நுண்கணிதம் பெரும்பாலும் கணக்கிடும் முறையாகவே கற்பிக்கப்படுகிறது. சூத்திரம் தரப்படுகிறது, மாணவர் எண்களைப் பொருத்தி விடை காண்கிறார். பிந்தைய பருவங்களில் வரும் மெய்ப்பகுப்பாய்வு, நிகழ்தகவுக் கோட்பாடு, புள்ளியியல் அனுமானம் ஆகிய தாள்களில் அதே சூத்திரங்கள் மீண்டும் தலைகாட்டும்போது, அவை எந்த நிபந்தனைகளின் கீழ் செல்லும், எங்கே பொய்க்கும் என்று நிறுவிக்காட்டும் பொறுப்பு மாணவரைச் சேர்கிறது. கணக்கில் கெட்டிக்காரர் எனப் பெயரெடுத்தவர்களும் இங்கே தடுமாறுவதற்கு இம்மாற்றமே முதன்மையான காரணம்.

தொடர்ச்சி அறுபடும் இடம்

எல்லை, தொடர்ச்சி போன்ற கருத்துகளை மெய்யெண்களின் பண்புகளிலிருந்து ஐயத்துக்கு இடமின்றி வருவிக்கும் துறையே மெய்ப்பகுப்பாய்வு. x, x², x³ என அடுக்கு ஏறிச்செல்லும் சார்புகளை 0 முதல் 1 வரை வரைந்தால், ஒவ்வொன்றும் அறுபடாத கோடாக, அதாவது தொடர்ச்சியான சார்பாக அமையும். x-இன் மதிப்பு 0.9 எனில், 10ஆம் அடுக்கில் சுமார் 0.35 ஆகவும் 50ஆம் அடுக்கில் சுமார் 0.005 ஆகவும் அது தேய்ந்துகொண்டே போக, x-இன் மதிப்பு 1 எனில் எந்த அடுக்கிலும் 1 ஆகவே நிலைக்கிறது. ஆகவே எல்லையாகக் கிடைக்கும் சார்பு, 1-க்கு முன்புவரை பூச்சியமாகவே இருந்து, கடைசிப் புள்ளியில் மட்டும் தாவிவிடுகிறது.

தொடர்ச்சியான சார்புகளைக் கொண்ட தொடர் குவிந்தால் அதன் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானதே என்று பிரெஞ்சு அறிஞர் கோஷி 1821இல் வெளியிட்ட பாடநூலில் எழுத, அதற்கு விலக்குண்டு என்று நார்வே நாட்டின் ஏபல் 1826இல் சுட்டிக்காட்டினார். எல்லாப் புள்ளிகளிலும் ஒரே சீராக எல்லையை நெருங்குவதைக் குறிக்கும் ‘சீரான குவிதல்’ என்னும் நிபந்தனை அதன் பின்னரே தெளிவுபெற்றது.

ஒன்றைக் கழிப்பது ஏன்?

மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டும் மாறுபாட்டைக் கூறெடுப்பிலிருந்து மதிப்பிடும்போது, விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி, கூறிலுள்ள மதிப்புகளின் எண்ணிக்கையான n-ஆல் வகுக்காமல் n−1-ஆல் வகுக்கச் சொல்வது வழக்கம். 0, 2 ஆகிய இரண்டும் சம வாய்ப்புடன் வரும் ஒரு தொகுதியின் சராசரி 1, மாறுபாடும் 1. அதிலிருந்து இரண்டிரண்டாக எடுத்தால் (0,0), (0,2), (2,0), (2,2) என நான்கு கூறுகள் கிடைக்கும். அந்தந்தக் கூறின் சராசரியிலிருந்து கணித்த வர்க்கக் கூட்டல்கள் முறையே 0, 2, 2, 0. இவற்றை 2-ஆல் வகுத்தால் கிடைக்கும் மதிப்பீடுகளின் சராசரி 0.5 மட்டுமே, 1-ஆல் வகுத்தால் உண்மை மாறுபாடான 1 சரியாகக் கிடைக்கிறது. கூறின் சராசரி அதே கூறின் மதிப்புகளையொட்டி நகர்வதால் விலக்கங்கள் சுருங்கிவிடுகின்றன. அந்தச் சுருக்கத்தையே n−1 ஈடுகட்டுகிறது. தொகுதியின் உண்மைச் சராசரி முன்பே தெரிந்திருந்தால் n-ஆலேயே வகுக்கலாம் என்பது இதன் மறுபக்கம்.

இரு துறைகளும் கூடும் இடம்

மேற்கண்டவாறு சராசரியில் உண்மையோடு ஒத்துப்போகும் மதிப்பீடுகளின் மாறுபாடு ஒரு கீழ்வரம்புக்குக் குறையாது என்று இந்தியப் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ் 1945இல் நிறுவினார். ஸ்வீடனின் ஹரால்ட் கிராமரும் தனியே இம்முடிவை எட்டியதால் இது கிராமர்–ராவ் சமனின்மை எனப்படுகிறது. இதன் நிறுவல், தொகையீட்டையும் வகையீட்டையும் முன்பின்னாக மாற்றிச் செய்யலாம் என்ற அனுமதியை நம்பியிருக்கிறது. 0 முதல் அறியாத ஓர் உச்சம் வரை எல்லா மதிப்புகளும் சமமாகப் பரவும் நேர்வில், பரவலின் எல்லையே அந்த அறியா எண்ணைச் சார்ந்திருப்பதால், அனுமதி செல்லாது. அங்கே வரம்புக்கும் கீழான மாறுபாடுடைய மதிப்பீடுகள் உண்டு. எல்லைச் செயல்களின் வரிசையை எப்போது மாற்றலாம் என்ற மெய்ப்பகுப்பாய்வின் வினாவே இங்குப் புள்ளியியலின் வினாவாகிறது.

புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1931இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பி.ஸ்டாட். படிப்பில் நிகழ்தகவோடு பகுப்பாய்வும் சேர்த்தே கற்பிக்கப்படுவதற்கான நியாயம் இதிலிருந்து விளங்கும். கணினி மென்பொருள் எந்தத் தரவுக்கும் நொடியில் விடை தந்துவிடும். அந்தத் தரவுக்குச் சூத்திரத்தின் நிபந்தனைகள் பொருந்துமா என்பதை, நிறுவலைப் பயின்றவரே சொல்ல முடியும்.