நடுமுன் அயலைப் பாருங்கள்
தக்காளி இலைச்சுருள் நோயின் ஆபத்தை முன்கூட்டியே கணக்கிடுவது எப்படி?

ஹாலிஎலைக்கு மேலே, ஒரு தோட்டத்தின் ஓரத்தில் கால் ஏக்கருக்கும் குறைந்த ஒரு துண்டுக் காணி. மண்சரிவு அபாயத்தினால் லயத்தை விட்டு வெளியேறிய ஒரு குடும்பம், இன்னொருவருடைய அந்தக் காணியை ஒரு போகத்துக்கு மட்டும் கேட்டு வாங்கித் தக்காளி நட்டிருந்தது. நாற்றுக்கும் உரத்துக்குமாக வீட்டிலிருந்த தோடு அடகுக்குப் போயிருந்தது. நான் போனபோது நட்டு ஐந்து வாரம். செடிகள் முழங்கால் உயரத்துக்குக்கூட வரவில்லை. நுனி இலைகள் சிறுத்து, கிண்ணம் போல மேல்நோக்கிச் சுருண்டு, ஓரங்கள் மஞ்சளாகி இருந்தன. பூக்கள் நிலத்தில் உதிர்ந்து கிடந்தன.

"மூணு தரம் மருந்து அடிச்சாச்சு சாமி. இனி எந்த மருந்து அடிக்கணும்?" என்று அந்த அம்மா கேட்டார்.

இனி அடிப்பதற்கு மருந்து இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அதைவிட மனதை வருத்தியது வேறொன்று. வரப்புக்கு அப்பால் சில அடி தூரத்தில், காய் பறித்து முடித்த பழைய தக்காளிச் செடிகள் பிடுங்கப்படாமல் நின்றன. அவற்றின் இலைகளும் அதேபோலச் சுருண்டிருந்தன. நடுவதற்கு முன் ஒரு காலைப்பொழுதில் அந்தப் பக்கம் நடந்து பார்த்திருந்தால், அந்தக் குடும்பம் கரட் போட்டிருக்கும். அல்லது அந்தப் பழைய செடிகளை முதலில் அகற்றித் தரும்படி கேட்டிருக்கும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மலை சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. இத்தகைய இழப்புகளால் இடம்பெயர்ந்தவர்கள் மீண்டும் மண்வெட்டி எடுக்கும்போது, பெரும்பாலும் தமக்குப் பழக்கமில்லாத மண்ணில்தான் தொடங்குகிறார்கள். பக்கத்துக் காணியில் சென்ற போகம் என்ன நின்றது என்பது அவர்களுக்குத் தெரியாது. எனவேதான் இந்த நோயைப் பற்றி இங்கே சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன்.

நோயைச் சுமப்பது யார்?

டெங்குக் காய்ச்சலை நாம் எல்லோரும் அறிவோம். நோயாளியைக் கடித்த நுளம்பு நல்ல சுகமாக இருப்பவரையும் கடிக்கும்போதே நோய் பரவுகிறது. தக்காளி இலைச்சுருள் நோயும் இவ்வாறே. இங்கே நுளம்பின் வேலையைச் செய்வது வெண் ஈ. ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் நீளமான, மாப் பூசியது போன்ற சிறகுள்ள பூச்சி. இலையின் அடிப்பக்கத்தில் இருந்து சாற்றை உறிஞ்சும். நோயுற்ற செடியில் கால் மணி, அரை மணி நேரம் உறிஞ்சினாலே வைரசு அதன் உடலுக்குள் போய்விடும். ஏறக்குறைய ஒரு நாள் கழிந்த பின் அது அடுத்த செடிக்கு நோயைக் கொடுக்கத் தொடங்கும். பின்னர் தன் ஆயுட்காலத்தின் பெரும்பகுதியிலும், அதாவது சில வாரங்களுக்கு, கொடுத்துக்கொண்டே இருக்கும்.

எமது நாட்டில் காணப்படும் வைரசுக்கு "இலங்கைத் தக்காளி இலைச்சுருள் வைரசு" என்றே ஆய்வாளர்கள் தனிப் பெயர் இட்டுள்ளனர். இது காற்றில் பரவுவதில்லை. கையால் தொடுவதாலும் பரவுவதில்லை. ஆகவே ஆபத்து உண்டாக மூன்று காரியங்கள் ஒன்றுசேர வேண்டும்: நோயுற்ற செடி அருகில் இருக்க வேண்டும், வெண் ஈ இருக்க வேண்டும், உங்கள் செடி இளம் பருவத்தில் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றை அகற்றினாலே ஆபத்துப் பெருமளவு குறையும்.

இலை காட்டுவது பழைய கணக்கு

வைரசு செடிக்குள் புகுந்து, இலை சுருள்வது கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று வாரமாகும். இன்று நாம் காணும் சுருள், மூன்று வாரத்துக்கு முன் நடந்ததன் விளைவு. இடைப்பட்ட நாட்களில் பச்சையாக நின்ற அந்தச் செடியிலிருந்தே வெண் ஈ வேறு பல செடிகளுக்கு நோயைக் கொண்டுபோயிருக்கும். சுருளைக் கண்ட பின் மருந்து தேடி ஓடுவதால் பயனில்லாமற் போவது இதனாலேயே. மருந்து பூச்சியைக் கொல்லலாம். செடிக்குள் இருக்கும் வைரசைக் கொல்லாது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் வெண் ஈயும் அதற்குப் பழகிவிடும்.

எந்த வயதில் பிடிக்கிறது என்பதே முக்கியம். 1973ஆம் ஆண்டில் இந்தியாவில் சாஸ்திரி, சிங் என்ற இரு ஆய்வாளர்கள் இதனை அளந்து காட்டினார்கள். நட்டு 20 நாட்களுக்குள் நோய் பிடித்த செடிகளில் விளைச்சல் இழப்பு 92 வீதம் வரை சென்றது. 35ஆம் நாளில் பிடித்தவற்றில் 74 வீதம்; 50ஆம் நாளில் பிடித்தவற்றில் 29 வீதம். ஒரு செடி 2 கிலோ தரும் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது செடி ஏறக்குறைய 150 கிராம் தரும். இரண்டாவது அரைக் கிலோ தரும். மூன்றாவது 1 கிலோ 400 கிராம் தரும். ஆகவே நாற்றுமேடையிலும், நட்ட பின் வரும் முதல் ஆறு ஏழு வாரங்களிலும் செடியைக் காப்பதே எமது வேலை.

நடுமுன் ஐந்து கேள்விகள்

கடன் வாங்குமுன், நாற்று வாங்குமுன், இந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். காணியைச் சுற்றி நடந்து பார்த்த பின்பே பதில் சொல்லுங்கள்.

1. கண்ணுக்கு எட்டும் தூரத்தில், விசேடமாகக் காற்று வரும் பக்கத்தில், இலை சுருண்ட தக்காளி நிற்கின்றதா? கைவிட்ட செடிகளையும், தானாக முளைத்த செடிகளையும் சேர்த்துப் பாருங்கள்.

2. அயலில் வெண் ஈ பெருகியுள்ளதா? அதிகாலையில், பூச்சி மந்தமாக இருக்கும் நேரத்தில், கத்தரி, போஞ்சி, வரப்புக் களைகள் ஆகியவற்றின் இலையை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். வெயில் ஏறிய பின் செடியை அசைத்தால் வெள்ளைத் தூள் போல எழும்புகிறதா என்றும் பாருங்கள்.

3. நட்ட பின் வரும் முதல் ஆறு வாரமும் மழையில்லாத வறண்ட காலத்தில் விழுமா? ஊவாவில் பெரும்போக மழை ஓய்ந்து, ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் காலம் வெண் ஈக்கு வசதியானது. கன மழை அதன் தொகையைக் குறைக்கும்.

4. நாற்று திறந்த மேடையில் வளர்ந்ததா? எங்கே வளர்ந்தது என்று தெரியாத நாற்றா? பச்சையாக இருக்கும் நாற்றுக்குள்ளும் நோய் மறைந்து வரலாம்.

5. அயலவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் நட்டு, ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு காணியில் தக்காளி நிற்கின்றதா?

"ஆம்" என்ற பதில் ஒன்று அல்லது அதற்குக் குறைவு என்றால் நடலாம். இரண்டு மூன்று என்றால், காப்பு ஏற்பாடு செய்து சிறிய அளவில் நடுங்கள்; நகையை அடகு வைத்து நட வேண்டாம். நான்கு ஐந்து என்றால் இம்முறை கரட், பீற்றூட், லீக்ஸ் என வேறொரு பயிரைப் பாருங்கள். முதலாம் இரண்டாம் கேள்விகள் இரண்டுக்கும் "ஆம்" என்றால், மற்றவை எப்படியிருந்தாலும் அந்தப் பழைய செடிகள் அகலும் வரை பொறுத்திருப்பதே நல்லது. இது ஆய்வுகூடத்து அளவுகோல் அல்ல. காணிகளில் நடந்து பார்த்து நாம் வகுத்துக்கொண்ட எளிய வழிகாட்டி.

வெண் ஈயை எண்ணுவதற்குச் செலவு அதிகமில்லை. பழைய தகரம் ஒன்றுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, மேலே கிரீஸ் அல்லது ஆமணக்கெண்ணெய் பூசி, காணியின் நான்கு மூலைகளிலும் செடி உயரத்துக்கு நட்டு வையுங்கள். மஞ்சள் நிறம் வெண் ஈயை இழுக்கும். மூன்று நாளுக்கு ஒரு தடவை ஒட்டியிருப்பவற்றை எண்ணிக் கொப்பியில் எழுதித் துடைத்துவிடுங்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டு போகிறதா என்பதே கவனிக்க வேண்டியது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளே இந்தக் கணக்கை நன்றாக வைத்திருப்பார்கள்.

நட்ட பின்

நாற்றுமேடைக்கு நுண்ணிய பூச்சி வலை கட்டுங்கள். நுளம்பு வலை போதாது. அதன் கண்ணுக்குள் வெண் ஈ எளிதாக நுழைந்துவிடும். நட்ட முதல் வாரங்களில் சுருண்ட செடியைக் கண்டால், அதிகாலையில் ஒரு பையால் மூடி, பூச்சி பறக்காதபடி பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். காய் பிடித்த பின் சுருண்ட செடியைப் பிடுங்க அவசரப்பட வேண்டாம்; அது ஓரளவு தரும். ஆனால் கடைசிக் காய் பறித்த அன்றே முழுச் செடிகளையும் அகற்றுங்கள். அடுத்தவருடைய இளம் நாற்றுக்கு நோய் போவது அங்கிருந்துதான்.

எல்லாச் சுருளும் இந்த நோய் அன்று. நீர் குறைந்தாலும், கிளைகளை அதிகம் ஒடித்தாலும் அடி இலைகள் சுருளும். ஆனால் செடி குறுகாது, நுனி மஞ்சளாகாது. களைநாசினி காற்றில் அடித்து வந்தால் இலை முறுக்கி நூல் போலாகும். செடி பச்சையாகவே திடீரென வாடினால் அது பக்றீரியா வாடல். தண்டை வெட்டித் தெளிந்த நீரில் தொங்கவிட்டால் பால் போல ஒன்று வழியும். வாடலைத் தாங்கும் வர்க்கம் இலைச்சுருளையும் தாங்கும் என்று எண்ணிவிட வேண்டாம். சந்தேகமிருந்தால் நோயுற்ற கிளையை மூடிய பொலித்தீன் பையில் இட்டு, கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்திலும் கேட்கலாம்.

தனியாக முடியாத காரியம்

தூரத்திலுள்ள டொமினிக்கன் குடியரசு நாட்டில் 1990களின் தொடக்கத்தில் இதே குடும்பத்து வைரசு தக்காளிச் செய்கையை ஏறக்குறைய அழித்தது. மருந்தால் முடியவில்லை. பின்னர், ஆண்டில் மூன்று மாதம் தக்காளியும், வெண் ஈ பெருகும் வேறு சில பயிர்களும் எவரும் நடக்கூடாது என்று அரசே கட்டளையிட்டது. உணவில்லாத பூச்சி குறைந்தது. நோயைத் தங்கவைக்கும் செடியும் இல்லாமற் போனது. தக்காளி திரும்பி வந்தது.

எமக்குக் கட்டளை வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரே சரிவில், ஒரே ஓடையை அண்டிப் பயிரிடும் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் ஒரு மாலையில் கூடி, எப்போது நடுவது, எப்போது பழைய செடிகளை அகற்றுவது என்று பேசி முடிவெடுக்கலாம். தமிழர், சிங்களவர் என்று பாராமல் பக்கத்துக் காணிக்காரரையும் அழையுங்கள். வெண் ஈ வேலியைப் பார்த்துப் பறப்பதில்லை.

புதிதாக வந்தவர்களுக்கு இதைக் கேட்பது கூச்சமாக இருக்கும் என்று நான் அறிவேன். "நாங்க வந்து குந்தியிருக்கிறவங்க, அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?" என்றே அந்த அம்மாவும் கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரும் கணவரும் அந்தக் காணிக்காரரிடம் போனார்கள். பிடுங்க ஆளில்லாமல்தான் விட்டிருக்கிறேன் என்றார் அவர். இரண்டு வீட்டாருமாகச் சேர்ந்து ஒரு காலையில் அந்தப் பழைய செடிகளைப் பிடுங்கிப் புதைத்தார்கள். இந்தப் போகத்தின் இழப்பு இழப்புத்தான். தோடு இன்னும் மீளவில்லை. அடுத்த நாற்று எப்போது நடுவது என்பதை மட்டும் இம்முறை இரு வீட்டாரும் சேர்ந்தே பேசியிருக்கிறார்கள்.